வாய்க்கால் ஓரப் பட்டறையில் எதைக் கொண்டு கழுவுவது?

நீடாமங்கலம் பக்கம் மூணாறு தலைப்பு என்ற இடத்தில் வெண்ணாறு மூன்றாகப் பிரிகிறது: வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு. கோரையாற்றிலிருந்து பிரியும் ஒரு கிளை வாய்க்கால் கரையில்தான் என் மைத்துனரின் பட்டறை. பம்ப்செட் இன்ஜின், பவர் டில்லர், டூ வீலர், எது வந்தாலும் பிரித்துப் போட்டுவிடுவார். பிரித்ததைக் கழுவுகிற இடம் மட்டும் பட்டறைக்குள் இல்லை. பின்பக்கம், வாய்க்காலுக்கு இறங்கும் படித்துறையின் மேல்படியில். அகலமான ஒரு பிளாஸ்டிக் பேசின், பாதி முடி உதிர்ந்த பெயின்ட் பிரஷ், ஒரு கேன் தின்னர். கழுவி முடித்ததும் பேசின் எந்தப் பக்கம் சாயும் என்று சொல்ல வேண்டியதில்லை.

போன மாதம் என்னிடம் கேட்டார். "அத்தான், தின்னர் விலை கட்டுப்படியாகல. வேற எதுல கழுவலாம், சொல்லுங்க."

நான் ஒரு கல்லூரி வேதியியல் ஆய்வகத்தில் பாட்டில் கழுவியும் கரைசல் கலக்கியும் இருபது வருஷத்துக்கு மேல் ஓட்டியவன். அதனால்தான் கேட்டார். அவர் கேட்டது விலைக்காக. நான் யோசித்தது மீனை. அதற்குக் காரணம் போன சித்திரை.

மேட்டூரை ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். பங்குனி, சித்திரையில் வாய்க்கால் என்று ஒன்று இருக்காது. மதகுக்கு அடியில் ஒரு குட்டை, படித்துறைக்குக் கீழே ஒரு குட்டை, அவ்வளவுதான். ஜூன் 12-ல் மறுபடியும் திறக்கிற வரைக்கும் மிச்சமிருக்கிற மீன்கள் அதற்குள்தான் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டிருக்கும். அப்படி ஒரு மத்தியானம் மேல்படியில் வைத்திருந்த கேன் உருண்டது. ஒரு லிட்டர் போயிருக்கும். அரை மணி நேரத்தில் கெண்டைக் குஞ்சுகள் மேலே வந்து வட்டமடித்தன. குடித்தவன் மாதிரி ஒரு பக்கமாகவே சுற்றின, அப்புறம் சாய்ந்தன. செவுள் மட்டும் மெதுவாக அசைந்துகொண்டிருந்தது. பட்டறைப் பையன் ஒருவன் கைக்கு அகப்பட்ட பத்துப் பதினைந்தை வாளியில் அள்ளி, அடிபம்ப் தண்ணீரை ஊற்றி வைத்தான். விளையாட்டுக்குத்தான் செய்தான். ஒரு மணி நேரத்தில் அதில் ஏழெட்டு நிமிர்ந்து நீந்த ஆரம்பித்துவிட்டன. குட்டையில் கிடந்தவை மறுநாள் காலை வெள்ளை வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

வாளியில் பிழைத்த அந்த ஏழெட்டு மீனில்தான் விஷயம் இருக்கிறது. தின்னரில் இருக்கும் டொலுயீன், சைலீன் மாதிரியானவை மீனை அரித்தோ எரித்தோ கொல்வதில்லை. மயக்குகின்றன. ஆபரேஷன் தியேட்டரில் மயக்க மருந்து கொடுப்பது போலத்தான். கொழுப்பில் கரையும் பொருள் செவுள் வழியாக உடம்புக்குள் போய், செல்களின் சவ்வில் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. நல்ல தண்ணீருக்கு மாற்றினால் வந்த வழியே வெளியேறிவிடும். மாற்றாவிட்டால் மயக்கத்திலேயே மூச்சு நின்றுவிடும். நூற்றிருபது வருஷத்துக்கு முன்பே இதைக் கண்டுபிடித்துவிட்டார்கள். ஓவர்ட்டன் என்பவர் தவளைக் குஞ்சுகளை விதவிதமான ரசாயனக் கரைசல்களில் விட்டு, எது எவ்வளவு இருந்தால் நீந்துவதை நிறுத்துகிறது என்று பார்த்து 1901-ல் எழுதினார். கொஞ்சம் முன்னதாக மேயர் என்பவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். எண்ணெயில் எவ்வளவு நன்றாகக் கரைகிறதோ, மயக்க அவ்வளவு குறைவாகப் போதும். இது ஒன்று தெரிந்தால் கடையில் இருக்கும் பாதிப் புட்டிகளை வரிசைப்படுத்திவிடலாம்.

வரிசைப்படுத்த ஓர் எண் உண்டு. 96 மணி நேரத்தில் தொட்டியில் இருக்கும் மீன்களில் பாதி சாகிற அளவு. லிட்டருக்கு இத்தனை மில்லிகிராம் என்று சொல்வார்கள். எண் சிறியதாக இருந்தால் விஷம் பெரியது. அசிட்டோனுக்கு இது ஆயிரக்கணக்கில் போகும். ரெயின்போ ட்ரௌட் மீனுக்கு 5,500 சொச்சம். மெத்தனாலுக்கு 15,000-க்கும் மேல். பென்சீனுக்கு அதே ட்ரௌட் மீனில் 5 சொச்சம்தான். டொலுயீனுக்கு மீனின் இனத்தைப் பொறுத்து 5-ல் தொடங்கி 30-ஐத் தாண்டும். சைலீனுக்கு ட்ரௌட்டில் 2.6. அசிட்டோனுக்கும் சைலீனுக்கும் இரண்டாயிரம் மடங்கு வித்தியாசம். இரண்டும் ஒரே கடையில், ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

ஒரு லிட்டர் தின்னர் என்பது எவ்வளவு? முழுக்க டொலுயீன் என்றே வைத்துக்கொள்வோம், 867 கிராம். படித்துறைக் குட்டை 30 அடிக்கு 30 அடி, 3 அடி ஆழம் என்றால் சுமார் 76,000 லிட்டர் தண்ணீர். அத்தனையும் கரைந்தால் லிட்டருக்கு 11 மில்லிகிராம். நிஜத்தில் பாதிக்கு மேல் கரையாமல் மிதந்து ஆவியாகிவிடும். ஆனால் விழுந்த இடத்தில், முதல் அரை மணி நேரத்தில், குஞ்சுகள் மேலே திரியும் அந்த அரை அடித் தண்ணீரில் 11-க்கும் அதிகமாகவே இருந்திருக்கும். நாங்கள் பார்த்தது அதைத்தான்.

என் மைத்துனருக்கு ஒரு வாதம் உண்டு. "காத்துல பறக்குற சாமான் அத்தான். திறந்து வச்சா மத்தியானத்துக்குள்ள காணாமப் போயிடும். தண்ணிக்கு அதால என்ன?" பட்டறைக்காரர்கள் பெரும்பாலும் நம்புவது இதுதான். பாதி சரி. ஒரு மீட்டர் ஆழம், நொடிக்கு ஒரு மீட்டர் ஓட்டம், நல்ல காற்று என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டால், ஆற்றில் விழுந்த டொலுயீனில் பாதி சுமார் ஒரு மணி நேரத்தில் காற்றுக்குப் போய்விடும். ஏரி என்று வைத்துப் போட்டால் பாதி போக சுமார் 4 நாள். ஆடி மாதத்து வாய்க்கால் முதல் கணக்குக்குக் கொஞ்சம் கிட்டே வரும், அதுவும் அந்த வேகம் இருக்காது. சித்திரைக் குட்டை இரண்டாவது கணக்கு. மீன் சாய அரை மணி நேரம் போதும் என்றால், 4 நாளில் பறப்பதால் யாருக்கு என்ன லாபம்?

பறப்பதை வைத்து ஆராய்ச்சிக்காரர்களே ஏமாந்ததுண்டு. 1978-ல் அமெரிக்காவில் ஃபேட்ஹெட் மின்னோ என்ற குட்டி மீனை வைத்து நான்கு குளோரின் கரைப்பான்களைச் சோதித்தார்கள். கரைப்பான் கலந்த தண்ணீரை விடாமல் ஓடவிட்ட தொட்டியில், அவற்றில் ஒன்றான டைகுளோரோமீத்தேனின் எண் 193. கலந்து அப்படியே வைத்த தொட்டியில் 310. மீன் பலசாலியாகிவிடவில்லை, கரைப்பான் ஆவியாகிக்கொண்டே இருந்திருக்கிறது. ஆகவே பழைய பட்டியலில் ஒரு கரைப்பானுக்குப் பெரிய எண் போட்டிருந்தால், எந்தத் தொட்டியில் சோதித்தார்கள் என்று பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இன்னொன்று, ட்ரௌட் குளிர்ந்த தண்ணீர் மீன். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் 9 மில்லிகிராம் ஆக்ஸிஜன் நிற்கும். நம் குட்டையின் 30 டிகிரியில் ஏழரைதான். மூச்சு ஏற்கெனவே திணறிக்கொண்டிருக்கிற மீனுக்கு மயக்கமும் சேர்ந்தால் கேட்க வேண்டியதில்லை.

சரி, இனி அலமாரிக்கு வருவோம்.

பெட்ரோலை முதலிலேயே தள்ளிவிட்டேன். பி.எஸ். 6 பெட்ரோலில் பென்சீன் அதிகபட்சம் 1 சதவீதம், டொலுயீன் சைலீன் வகையறா எல்லாம் சேர்த்து 35 சதவீதம் வரை இருக்கலாம். தின்னரில் என்ன பிரச்சினையோ அதேதான், கூடவே தீ. பக்கத்திலேயே வெல்டிங் ஓடுகிற பட்டறையில் பேசின் நிறையப் பெட்ரோலை வைத்துக்கொண்டு பிரஷ் போடுவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும்.

அசிட்டோன்? மீன் கணக்கில் பார்த்தால் இதுதான் சாது. ஆனால் கிரீஸுக்கு முன்னால் பெயின்ட்டையும் ரப்பர் வாஷரையும்தான் கெடுக்கும். சாது என்பதிலும் ஒரு உள்குத்து இருக்கிறது. கிருமிகள் அதை விரும்பித் தின்னும், தின்பதற்கு ஆக்ஸிஜன் வேண்டும். ஒரு லிட்டர் அசிட்டோன் முழுதும் கரைந்து, முழுதும் மக்க சுமார் 1.7 கிலோ ஆக்ஸிஜன் பிடிக்கும். அது இரண்டு லட்சம் லிட்டருக்கு மேல் தண்ணீரில் இருக்கும் மொத்த ஆக்ஸிஜன். நம் குட்டையைப் போல இரண்டு மூன்று குட்டை. மயக்கிக் கொல்லாது, மூச்சடைத்துக் கொல்லும்.

கார்புரேட்டருக்கு அடிக்கும் ஸ்பிரேயிலும், சில இடங்களில் டிரம்மில் வாங்கும் 'டிரைகுளோர்' வகையிலும் குளோரின் கரைப்பான்கள் இருக்கும். மீன் எண் மட்டும் பார்த்தால் இவை தின்னரைவிட நல்லவை. டைகுளோரோமீத்தேன் 193, டிரைகுளோரோஎத்திலீன் 40 சொச்சம். தீயும் எளிதில் பிடிக்காது. எண்ணை மட்டும் பார்த்து முடிவெடுக்கக் கூடாது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடையாது. தின்னரும் பெட்ரோலும் தண்ணீரைவிட லேசு, மிதக்கும். இவை கனம். டைகுளோரோமீத்தேன் தண்ணீரைப் போல 1.3 மடங்கு, டிரைகுளோரோஎத்திலீன் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. மேலே நின்று ஆவியாகும் பங்கு போக, மிச்சம் அப்படியே அடியில் போய் உட்காரும். அடியில் என்ன இருக்கிறது? நம் டெல்டாவில் மணல். மணலுக்குள் இறங்கினால் களிமண் அடுக்கு ஒன்று தடுக்கிற வரைக்கும் இறங்கிக்கொண்டே இருக்கும். அங்கே காற்றும் இல்லை, வெயிலும் இல்லை, பறப்பதற்கு வழியும் இல்லை. வருஷக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக நிலத்தடித் தண்ணீரில் கரைந்துகொண்டிருக்கும். வாளியில் மீன் பிழைத்ததே, அந்த அடிபம்ப் படித்துறையிலிருந்து நாற்பது அடி தூரத்தில் இருக்கிறது. டிரைகுளோரோஎத்திலீன் மனிதருக்குப் புற்றுநோய் தருவது உறுதி என்று 2012-ல் சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை முடிவு சொல்லிவிட்டது. மீனுக்கு இளக்கம் காட்டி, பிள்ளைகள் குடிக்கிற தண்ணீரில் கை வைக்கிற சாமான் இது. டிரம் வேண்டவே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அப்புறம் இப்போது புதிதாக வருகிறதே, ஆரஞ்சுத் தோல் எண்ணெய் கிளீனர். புட்டியில் இலை படம், 'இயற்கையானது' என்ற வாசகம். வாசனையும் ஆளை மயக்கும். மைத்துனருக்கு இதன் மேல்தான் கண். நானும் முதலில் சரியென்றுதான் நினைத்தேன். பார்த்தால், அதில் இருக்கும் லிமோனீன் என்ற பொருளுக்கு அதே ஃபேட்ஹெட் மின்னோவில் எண் 0.7. ஏழு அல்ல, புள்ளி ஏழு. பென்சீனைவிடப் பல மடங்கு கடுமை. மரத்திலிருந்து வந்தது என்பது மீனின் செவுளுக்குத் தெரியாது. எண்ணெயில் நன்றாகக் கரைகிறது, அதனால் நன்றாக மயக்குகிறது. ஓவர்ட்டன் சொன்ன அதே கதை. சீக்கிரம் மக்கிவிடும் என்பது உண்மை. மனிதருக்குப் பென்சீன் போல ஆபத்து இல்லை என்பதும் உண்மை. ஆனால் படித்துறைக்கு மேல் வைத்துக்கொண்டு கழுவுவதற்கு ஆகாது.

சோப்புத் தண்ணீரைப் பற்றி யாரும் சந்தேகப்படுவதில்லை. துணி துவைக்கிற பவுடர்தானே, ஊரே வாய்க்காலில் துவைக்கிறதே என்பார்கள். பவுடரில் நுரைக்கும் முக்கியமான பொருளுக்கு மீன் எண் ஒன்றிலிருந்து பத்துக்குள். இது மயக்குவதில்லை, நேரே செவுளின் மேல்தோலைக் கெடுக்கும். ஓடும் தண்ணீரில் சில நாளில் மக்கிவிடுவதால் தப்பிக்கிறோம். பட்டறையில் இன்னொரு வம்பு சேர்கிறது. கிரீஸும் டீசலும் படிந்த பாகத்தைச் சோப்பில் கழுவினால், மிதந்துவிட்டுப் போகவேண்டிய எண்ணெய் பொடிப் பொடித் துளியாகத் தண்ணீருக்குள் கலந்துவிடும். மேலே எண்ணெய் ஆடை தெரியாது, பார்க்கச் சுத்தமாக இருக்கும், மீனின் வாய்க்குள் போவது மட்டும் அதிகம். பாத்திரம் தேய்க்கிறவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வித்தைதான்.

மிஞ்சியது டீசலும் சீமெண்ணெயும். ரேஷனில் சீமெண்ணெய் கிடைப்பது அரிதாகிவிட்டதால் டீசல்தான்.

டீசலுக்காக நான் பரிந்து பேசுவதாக நினைக்க வேண்டாம். தண்ணீரில் விழுந்தால் தின்னரைவிட நீண்ட தொல்லை. பறக்காது, சேற்றில் ஏறி உட்கார்ந்துகொள்ளும். அதில் இருக்கும் பல வளைய ஹைட்ரோகார்பன்கள் முட்டைக்குள் இருக்கும் மீன் குஞ்சின் இதயத்தைக் கெடுக்கும். 1989-ல் அலாஸ்காவில் எக்ஸான் வால்டீஸ் கப்பல் எண்ணெய் கொட்டிய பிறகு நடந்த ஆய்வுகளில் இது தெளிவாகத் தெரிந்தது. மேலே படரும் ஆடை வேறு. சீமெண்ணெய் ஊற்றிக் கொசுப்புழுவைக் கொல்வது அந்தக் காலத்து வைத்தியம். புழு மூச்சுவிட மேலே வரும்போது ஆடை அடைத்துவிடும். நம் வாய்க்கால் மீன்களில் பாதி அப்படி மேலே வந்து காற்றைக் குடிக்கிற ஜாதி. விரால், குறவை, தேளி, பனையேறிக் கெண்டை. இந்தப் பனையேறியை உலகத்துக்கு அறிவித்த ஊரே நம் தரங்கம்பாடிதான். டேனிஷ் கம்பெனியில் இருந்த டால்டார்ஃப் என்ற அதிகாரி 1791-ல் குளத்தங்கரைப் பனையில் ஒன்று ஏறிக்கொண்டிருந்ததைப் பிடித்ததாக எழுதிவைத்தார். தண்ணீர் கெட்டாலும் காற்றைக் குடித்துச் சமாளித்துக்கொள்கிற மீன் அது. மேலே எண்ணெய் ஆடை படர்ந்தால் அந்தச் சாமர்த்தியமே அதற்கு எமன். காற்றுக்கு வாயைத் திறக்கும்போதெல்லாம் எண்ணெயும் உள்ளே போகும்.

இவ்வளவையும் சொல்லிவிட்டு டீசலைத்தான் சிபாரிசு செய்தேன். காரணம், அது பறக்காது. தின்னரும் பெட்ரோலும் டிரேயில் இருந்தபடியே ஆவியாகிக் குறைந்துகொண்டே வரும். பாதி காற்றுக்கு, அதாவது குனிந்து பிரஷ் போடுகிற பையனின் மூக்குக்கு. மிச்சத்தை அழுக்காகிவிட்டது என்று கொட்டிவிட்டுப் புதிதாக ஊற்றுவார்கள். கொட்டுவது பழக்கமாகிவிடுவது இதனால்தான். டீசல் அப்படியே நிற்கும். ராத்திரி முழுக்கத் தெளியவிட்டால் காலையில் அழுக்கு அடியில் படிந்திருக்கும், மேல் டீசலை வடித்து மறுபடி பயன்படுத்தலாம். ஒரே டீசலில் வாரக்கணக்கில் கழுவலாம். வாய்க்காலுக்கு எது நல்லது என்று கேட்டால் எதுவும் நல்லதில்லை. வாய்க்காலுக்குப் போகாமல் பிடித்து வைத்துக்கொள்ள எது தோது என்று கேட்டால் டீசல். விலைக் கணக்கும் அதிலேயே தீர்ந்துவிட்டது, அவர் கேட்டது அதுதானே.

இதற்குச் சில ஏற்பாடு வேண்டும். மூடி போட்ட தகர டிரே, அடியில் சாய்வும் ஒரு குழாயும். டிரே இருக்க வேண்டிய இடம் பட்டறைக்குள், சிமென்ட் தரையில், படித்துறைக்கு எதிர்ப்பக்கம். கீழே சிந்தினால் உமி போடலாம். நம் ஊரில் உமிக்கா பஞ்சம்? ஊறிய உமியையும் டிரே அடியில் படிந்த சகதியையும் எரிக்கவும் கூடாது, வாய்க்கால் ஓரம் குழி தோண்டிப் புதைக்கவும் கூடாது. மூடிய தகர டின்னில் சேர்த்து, பழைய இன்ஜின் ஆயிலை எடுத்துப்போகிறவரிடமே கேட்டுச் சேர்ப்பிக்க வேண்டும். ஆனால் எடுக்கிறவர் பதிவு பெற்றவரா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பழைய எண்ணெயும் அழுக்கான கரைப்பானும் 2016 அபாயக் கழிவு விதிகளில் வருகிற சங்கதிகள். கடைசியாக எண்ணெய் பிசுக்குப் போகச் சோப்பில் ஒரு கழுவு வேண்டும் என்றால், முதலில் துணியால் நன்றாகத் துடைத்துவிட்டு, ஒரு வாளியில் முடித்துக்கொள்ளலாம். அந்த வாளித் தண்ணீரும் வாய்க்காலுக்கு இல்லை. கார்புரேட்டர் ஜெட்டுக்கு மட்டும் ஸ்பிரே. டைகுளோரோமீத்தேன் இல்லாத டின்னாகப் பார்த்து வாங்கச் சொல்லியிருக்கிறேன். அதற்கு டீசல் உதவாது என்று அவர் சொன்னார், தொழில் தெரிந்தவர் சொல்வதை நான் மறுக்கவில்லை.

கதிராமங்கலத்தில் 2017 ஜூனில் வயலில் எண்ணெய்க் குழாய் கசிந்தபோது ஊரே திரண்டது. மைத்துனரும் போய் நின்றார். நியாயமான கோபம். பேசினைச் சாய்க்கும்போது அந்தக் கோபம் யாருக்கும் வருவதில்லை, எனக்கும் வந்ததில்லை. அந்த வாளி மீனைப் பார்க்கும் வரை நானும் படித்துறையில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தவன்தான்.

டிரேயை அவரே வெல்டிங் அடித்துவிட்டார், பழைய டிரம்மை வெட்டி. மூடிதான் இன்னும் சரியாக உட்காரவில்லை, ஒரு மூலை தூக்கிக்கொண்டு நிற்கிறது. "தண்ணி வர்றதுக்குள்ள சரி பண்ணிடுறேன் அத்தான்" என்றார். கேன் இன்னும் மேல்படியில்தான் இருக்கிறது. அதில் கால் கேன் தின்னர் மிச்சம் இருக்கிறது, அதை என்ன செய்வது என்று இருவரும் இன்னும் பேசி முடிக்கவில்லை.